பட்டப்பெயரும் பரவணியும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் முன்னோரைத் தேடுதல் பற்றிய ஒரு சமூகவரலாற்று நோக்கு

தமிழிற் ‘பட்டப்பெயர்’ என்ற சொல் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. அரசனோ ஆட்சியாளனோ ஒருவனுக்கு அளிக்கும் விருதுப்பெயர் பட்டப்பெயர். ஊரார் ஒருவனைக் குறித்துத் தமக்குள்ளே சொல்லிச் சிரிக்கும் பெயரும் பட்டப்பெயரே. முன்னது நெற்றியிற் கட்டப்பட்ட பட்டத்தோடு தொடர்புடையது. பின்னது கட்டப்படாமலே ஒட்டிக்கொண்டது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கும் மக்கள் அறியாமையால் அவ்வாறு செய்தனர் என்று கொள்வதற்கில்லை. ஒருவனுக்கு அவனுடைய பெற்றோர் இட்ட பெயருக்கு மேலாகச் சமூகம் இடும் பெயர் எதுவாயினும் அது அச்சமூகத்தில் அவன் நிற்கும் இடத்தையே சுட்டுகின்றது. வேறுபாடு வேறோரிடத்தில் உள்ளது. விருதாகிய பட்டப்பெயர் ஏட்டிலும் காணி உறுதியிலும் ஏறியது. ஏளனமாகிய பட்டப்பெயர் வாயோடு நின்றது. ஆவணங்களைக் கொண்டு முன்னோரைத் தேடுவோர் இந்த வேறுபாட்டை உணராவிடின், தேடியவரைக் காணாமல், எழுதப்பட்டவரையே கண்டு திரும்புவர்.

மட்டக்களப்பு வாவியின் இருகரைகளையும் சார்ந்த மக்களிடையே தம் மூதாதையரைத் தேடும் ஆர்வம் அண்மைக் காலத்தில் மிகுந்து வருகின்றது. அதற்கு நியாயமான காரணங்கள் உள. 1978 நவம்பர் 23 இற் சூறாவளி இப்பிரதேசத்தைத் தாக்கியபோது கூரையோடு பெட்டகங்களும் போயின. யுத்தகால இடப்பெயர்வுகளிற் கையில் எடுத்துச் செல்லப்பட்ட உறுதிகளும் ஏடுகளும் எத்தனையோ கைகளில் அழிந்தன. 2004 டிசம்பர் 26 இல் கடல் கரையோரக் கிராமங்களுட் புகுந்தபோது வீடுகளுடன் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களும் போயின. இழந்தவற்றைத் திரும்ப எழுதிக்கொள்ள வேண்டிய தேவை பலருக்கு ஏற்பட்டது. புலம்பெயர்ந்த நாடுகளிற் பிறந்து வளர்ந்தோர் தம் பாட்டனார் ஊரைத் தேடி வருதலும் இதனுடன் சேர்ந்துகொண்டது. தேடுதல் பிழையன்று. ஆனால் தேடுவோர் எதைக் கண்டால் மனநிறைவு கொள்கின்றனர் என்பது கவனித்தற்குரியது. கலிங்கத்திலிருந்து வந்த ஓர் அரசகுமாரியின் பரிவாரத்தில், அல்லது படைநடத்திய ஒரு தலைவனின் வழியில் தம் குடும்பத்தை இணைத்துவிட்டால் தேடுதல் அங்கேயே முடிந்துவிடுகின்றது. சேற்றில் இறங்கிய மூதாதையை எவரும் தேடிச் செல்வதில்லை.

இப்பிரதேசத்தின் பழைய குடும்பப் பதிவுகள் எத்தகையன என்பதை முதலில் நோக்குவோம். ‘கல்வெட்டு’ என்ற சொல் மட்டக்களப்பில் கல்லில் வெட்டப்பட்டதை மாத்திரம் குறிப்பதன்று. ஓலைச் சுவடியில் எழுதப்பட்டுக் கோயில்களிலும் தலைமைக் குடும்பங்களிலும் பேணப்பட்ட உரிமைப் பதிவுகளும் இங்குக் கல்வெட்டு எனவே பெயர் பெற்றன. நாடுகாடுப் பரவணிக் கல்வெட்டு என்னும் பெயரே இதற்குத் தக்க சான்று. பரவணி என்பது வழிவழி வருவது. பரம்பரையையும் பரம்பரையாக வந்த உரிமையையும் அச்சொல் ஒருங்கே சுட்டுகின்றது. பரம்பரையை எழுதியவர்கள் எதற்காக எழுதினர் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை; நிலத்தையும் கோயில் மரியாதையையும் கோருவதற்காக எழுதினர். இத்தகைய ஏடுகள் பலவற்றின் செய்திகளைத் தன்னகத்தே கொண்ட ‘மட்டக்களப்பு மான்மியம்’ எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்களாற் பதிப்பிக்கப்பட்டு 1962 இல் வெளிவந்தது. இரண்டாண்டுகளின் பின் வி. சீ. கந்தையா அவர்களின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வெளியாயிற்று. இவ்விரு நூல்களும் இன்றி இப்பிரதேசத்தைப் பற்றி எவரும் எழுதுதல் இயலாது. ஆயினும் மான்மியத்தை அரசர் வரலாறாகப் படிப்பதிலும் பார்க்க, யார் யார்க்கு எவ்வுரிமை உண்டு என்பதை நிலைநாட்ட எழுந்த வழக்குரையாகப் படிப்பதே பயனுடையது என்பது எமது கருத்து. அவ்வாறு படிக்கும்போது அதன் காலக்குழப்பங்கள்கூடப் பொருள் பொதிந்தனவாகத் தோன்றும். (இன்று ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அச்சிட்டு வழங்கப்படும் நினைவுமலரையும் ஈழத்தவர் ‘கல்வெட்டு’ என்றே கூறுவர். அதில் வரும் வம்சவரலாற்றிலும் காணியும் பதவியும் பெற்ற உறவினரே முதலிற் குறிக்கப்படுவர்.)

பெயர்களை விளங்கிக்கொள்ள வாவியை விளங்கிக்கொள்ளல் வேண்டும். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பு நிலத்தை இரண்டாக வகுக்கின்றது. கதிரவன் எழும் பக்கத்திலுள்ள கடலோர மணற்றிடர் எழுவான்கரை. அவன் படும் பக்கத்திலுள்ள வயலும் காடும் படுவான்கரை. எழுவான்கரையில் மக்கள் நெருங்கி வாழும் ஊர்கள், படுவான்கரையில் நெல். நிலமுடையோரிற் பலர் எழுவான்கரையில் வீடும் மறுகரையில் வயலும் உடையராயிருந்தனர். அவர்களே ‘போடி’ அல்லது ‘போடியார்’ எனப்பட்டோர். போடியாருக்குக் கீழே வயல் வேலையை நடத்தும் முல்லைக்காரன். அவனுக்குக் கீழே வயற்காரர். விளைச்சலின் பின் களவெட்டியிற் பங்கு பிரிக்கப்படும்போது ஒவ்வொருவருடைய பெயருக்கும் உரிய எடை வெளிப்பட்டுவிடும்.

‘போடி’ என்பதன் வேர் எதுவாயினும் அது வழங்கிய முறை தெளிவானது. ஒல்லாந்தர் 1638 இற் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். பின்னர் இப்பிரதேசத்தின் நெல்லைப் பெறுவதற்கு அவர்கள் நம்பியிருந்தது பற்றுகள் தோறும் இருந்த தலைமைப் போடிகளையே. 1794 இல் ஜேக்கப் பேர்னாந்து என்ற ஒல்லாந்த அதிகாரி தமக்குப் பின் பொறுப்பேற்றவருக்கு எழுதி வைத்த அறிக்கை, மட்டக்களப்பின் வேளாண்மையையும் தலைவர்களையும் பற்றி இன்றும் ஆய்வாளர் நாடும் சான்றாக உள்ளது. போடி என்ற பெயர் அவ்வாறு காலனித்துவ ஏட்டினுட் புகுந்தது. கந்தப்போடி, வேலாப்போடி என்றாற்போல இயற்பெயருடன் ஒட்டி, தந்தையிடமிருந்து மகனுக்கு அது தலைப்பெழுத்தாயும் இறங்கிற்று. முஸ்லிம் நிலவுடைமையாளரும் தம் பெயர்ப்பின்னே போடியைச் சேர்த்துக்கொண்டமை இது சாதியையோ சமயத்தையோ சுட்டும் பெயரன்று என்பதையும், நிலவுடைமையைச் சுட்டும் பெயரே என்பதையும் ஐயமின்றிக் காட்டும். வன்னிமை, உடையார், வண்ணக்கர் முதலிய பெயர்களுக்கும் ஏறக்குறைய இதுவே கதை. முதலிற் பதவி, பின்னர்ப் பெயர், அதன்பின் பதவி போயும் போகாத பெருமை.

இது மட்டக்களப்புக்கு மாத்திரம் உரியதன்று. நொபுரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978 இல் வெளியிட்ட பெருந்தொகுதி, உடையான், வேளான், மூவேந்தவேளான், அரையன் என்றாற்போன்ற பட்டங்களை நிலவுடைமை மாற்றத்தின் அறிகுறிகளாகக் கொண்டு ஆராய வழிவகுத்தது. அரசர் பெயரை விட்டு ஆட்பெயரைப் பிடித்தமையாலேயே சோழர்காலச் சமூகம் பற்றிய பல பழைய எண்ணங்கள் ஆட்டங்கண்டன. அத்தகைய ஒரு தொகுப்பு மட்டக்களப்பின் ஏடுகளுக்கும் உறுதிகளுக்கும் இன்றுவரை செய்யப்படாதது ஈழத்துத் தமிழாய்வின் குறைகளுள் ஒன்று. எமது பல்கலைக்கழகங்களில் இலக்கியம் கற்போர் மன்னரைப் பாடியோரைத் தேடிய அளவிற்கு மண்ணைப் பாடியோரைத் தேடியதில்லை. அதே மனப்பாங்கு பெயராய்விலும் தொடர்ந்திருக்கின்றது.

இனி, மறுகரைப் பெயர்கள். முல்லைக்காரனுக்கும் வயற்காரனுக்கும் பட்டப்பெயர்கள் இல்லாமற் போகவில்லை. மாறாக, மிகுதியாக இருந்தன. நெட்டையன், கறுவல் என உடலைக் கொண்டவை. ஓடாவி, பரிகாரி எனத் தொழிலைக் கொண்டவை. வந்த ஊரைக் கொண்டவை. என்றோ நடந்த ஒரு நிகழ்ச்சியை இன்றும் விடாமற் பிடித்துக்கொண்டிருப்பவை. கூத்து வளர்ந்த இப்பிரதேசத்தில் ஒரு பாத்திரத்தைச் சிறப்பாக ஆடியவர் அப்பாத்திரத்தின் பெயராலேயே சாகும்வரை அழைக்கப்படுதலும் உண்டு. பகலெல்லாம் போடியாரின் வயலில் நின்றவன் இரவுக் களரியில் முடிசூடி நின்றமைக்கு ஊர் வழங்கிய பட்டம் அது. இவ்வகைப் பட்டப்பெயரில் ஏளனமும் மதிப்பும் பிரிக்கவியலாதபடி கலந்திருக்கின்றன. ஆனால் இப்பெயர்களுள் எதுவும் எழுத்திற் பதிவதற்கு வழியில்லாதிருந்தது. 1892 இல் நீக்கப்படும்வரை ஆங்கில அரசு அறவிட்ட நெல்வரி நிலத்துக்குரியவனையே தேடியது. 1840 ஆம் ஆண்டின் சட்டப்படி காணி கைமாறுவதற்கு நொத்தாரிசின் முன் எழுதப்பட்ட உறுதி வேண்டியிருந்தது. காணியில்லாதவனுக்கு நொத்தாரிசிடம் அலுவல் இல்லை. பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியைப் பதிவேட்டில் எழுத முனைந்தது. நிலவுடைமையாளர் பலர் குத்தகைக்காரனைக் கூலிக்காரன் என்று மாற்றிச் சொல்லி அவன் பெயரை ஏறவிடாது தடுத்தனர். ஒரு சொல்லின் மாற்றத்தால் உரிமை தப்பிப்போன வரலாறு அது. பெயர் பற்றிய ஆராய்ச்சி சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடாது என்பதற்கு இதுவே போதும்.

ஆயினும் மட்டக்களப்பைப் பொறுத்தவரை மிகப் பழைய பட்டப்பெயர்கள் ஆட்பெயர்களில் இல்லை; குடிப்பெயர்களில் உள்ளன. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி என முக்குவரிடையேயும், கண்டன் குடி, அத்தியாயன் குடி, பொன்னாச்சி குடி என வேளாளரிடையேயும் வழங்கும் பெயர்களை உற்று நோக்கினால், ஒரு காலத்தில் யாரோ ஒருவருக்கோ ஒரு கூட்டத்துக்கோ இடப்பட்ட பட்டங்களே அவை என்பது விளங்கும். பணிக்கன் யானை பிடித்துப் பழக்குவோன். படையாண்டவன் படையை நடத்தியோன். உலகிப்போடி ஒரு போடியாரின் பெயர். இக்குடிகள் யாவும் தாய்வழியாக இறங்குவன. ஒருவர் தம் தாயின் குடியையே சார்வார். தந்தையின் குடியை அன்று. ஒரே குடியினர் தம்முள் மணஞ்செய்வதில்லை. ஆகவே திருமணப் பேச்சுத் தொடங்கியவுடன் ‘என்ன குடி?’ என்ற வினா எழும். அதற்கு விடைசொல்வோர் பெரும்பாலும் வீட்டின் முதிய பெண்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம் போன்ற பெருங்கோயில்களின் உரிமையும் மரியாதையும் குடிகளின் வழியே வகுக்கப்பட்டுள்ளன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. எம்மைப் போன்று மார்க்சியத்தை ஆய்வுமுறையாகக் கொண்டோர் தாய்வழிச் சமூகம் என்றதும் எங்கெல்சின் 1884 ஆம் ஆண்டு நூலை நினைந்து, பெண் அரசோச்சிய பொற்காலத்தின் எச்சத்தைக் கண்டுவிட்டதாக மகிழ்வதுண்டு. மட்டக்களப்புச் சான்றுகள் அம்மகிழ்ச்சிக்கு இடந்தருவனவாக இல்லை. கோயிலில் வண்ணக்கராக நிற்பவன் ஆண். பள்ளிவாசலிற் குடியின் சார்பாக மரைக்காராக அமர்பவனும் ஆண். பழைய முக்குவர் வழமைப்படி முதுசொத்து ஆணிடமிருந்து அவனுடைய சகோதரியின் மகனுக்குச் சென்றது. சொத்து செல்லும் பாதையாகப் பெண் இருந்தாள். அதனை ஆண்டவளாக எல்லாவிடத்தும் இருந்தாள் என்று கூறுதற்கில்லை. எனினும் அவளுடைய பெயர் அப்பாதையின் ஒவ்வொரு மைற்கல்லிலும் இருந்தேயாக வேண்டும் என்பது முக்கியம். பொன்னாச்சி என்பதே பெண்பெயர்தானே.

முஸ்லிம் மக்களின் குடிகள் பற்றித் தனியே கூறவேண்டும். கிழக்கிலங்கை முஸ்லிம்கள் தந்தைவழி நோக்கும் ஷரீஅத்தைச் சமய சட்டமாகக் கொண்டவர்கள். ஆயினும் அவர்களிடையும் குடி தாய்வழியே இறங்குகின்றது; லெப்பை, மரைக்கார், ராசாம்பிள்ளை, வரிசை நாச்சி எனப் பெயர்கள் உள்ளன. பொன்னாச்சி குடி அவர்களிடையும் உண்டு. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் இப்பிரதேசத்தில் நிகழ்ந்த பழைய மணவுறவுகளைப் பற்றி மரபுக்கதைகள் இருபாலும் வழங்குகின்றன. கதையை விட்டுவிட்டாலும், ஒரே குடிமுறை, ஒரே வீட்டுச் சீதனமுறை, மணமகன் மணமகள் வீட்டிற்குச் சென்று வாழும் ஒரே வழக்கம் ஆகியன ஒரே உற்பத்தி வாழ்வின் விளைவுகள் என்பதை மறுத்தல் இயலாது. 1985 இலும், மிகக் கொடிதாக 1990 இலும் இவ்விரு மக்களிடையே குருதி சிந்தப்பட்டது. அதன்பின் எழுதப்பட்ட ஊர்வரலாறுகளை ஒப்புநோக்கிப் படிப்போர் ஒன்றைக் காணலாம். இருபக்கத்தாரும் தம் முன்னோரைத் தொலைதூரத்திலேயே தேடுகின்றனர். ஒருசாரார் கலிங்கத்துக்கும் மற்றொரு சாரார் அரேபியாவுக்கும் செல்கின்றனர். அடுத்த ஊரில் அதே குடிப்பெயரைத் தாங்கி வாழ்வோரைத் திரும்பிப் பார்ப்பதற்கு இருவரும் அஞ்சுகின்றனர். மூதாதையரைத் தேடுதல் தீங்கற்ற பொழுதுபோக்கு என்று கருதுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

தாய்வழியாக ஓடும் மக்கள் தொகையைத் தந்தைவழி ஏட்டில் எழுத முற்பட்டதே இப்பிரதேசத்தின் ஆவண வரலாற்றிலுள்ள பெருஞ்சிக்கல். மூன்று ஆண்டுகளை இதற்கு அடையாளமாகக் கொள்ளலாம்: 1876, 1908, 1948.

1876 இற் கிறிஸ்தோபர் பிரிட்டோ முக்குவர் சட்டத்தைப் பற்றிய தம் நூலைக் கொழும்பில் வெளியிட்டார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட 15 ஆம் இலக்கத் திருமண உரிமை, வழியுரிமைச் சட்டம் தேசவழமைக்குட்பட்ட வடக்குத் தமிழரையும் கண்டியரையும் முஸ்லிம்களையும் விலக்கி ஏனையோர்க்குப் பொதுவாயிற்று. மட்டக்களப்புத் தமிழருக்கு விலக்கு இல்லை. ஒரு வழமையை எழுதி வைத்த ஆண்டே அது வழக்கிழக்கத் தொடங்கிய ஆண்டாகவும் அமைந்தது. மருமகன் வழி போய் மகன் வழி வந்தது. ஆனால் மக்கள் சட்டத்தை அப்படியே விழுங்கிவிடவில்லை. வீட்டையும் வளவையும் வயலின் ஒரு பகுதியையும் மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுப்பதன் மூலம் தாய்வழியை வேறோர் உருவிற் பேணிக்கொண்டனர். இச்சீதனத்தைப் பற்றிப் பின்னரும் பேசவேண்டியுள்ளது.

1908 இற் கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தோன்றிற்று. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் சேவையிலிருந்த அல்லது அதன் ஆட்சியிற் குடியேறிய ஐரோப்பியனின் நேர் ஆண்வழி வந்தோரே அதில் அங்கத்தவராகலாம். அச்சங்கம் தன் சஞ்சிகையில் வெளியிட்டு வந்த குடும்ப வம்சாவளிகள் இலங்கையில் வேறெந்தச் சமூகத்துக்கும் கிட்டாத அளவு நிறைவானவை. திருச்சபை ஏடுகளிலுள்ள ஞானஸ்நான, விவாகக் குறிப்புகளை ஒழுங்காகத் திரட்டி எழுதப்பட்டவை. ஆனால் மட்டக்களப்புப் பறங்கியருக்கு அங்கே இடம் அரிதாயிற்று. போர்த்துக்கேய மொழியின் திரிந்த ஒரு வடிவத்தை வீட்டுமொழியாகக் கொண்டு, தச்சும் கொல்லும் சப்பாத்துத் தைத்தலுமாகிய கைத்தொழில்களில் ஈடுபட்டிருந்த கத்தோலிக்க ஏழைகள் அவர்கள். கொழும்பின் உயர்மட்டப் பறங்கியர் அவர்களுக்கு இட்ட பட்டப்பெயர் ‘மெக்கானிக்’. கையால் உழைப்பவன் என்பதே வசையாயிற்று. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982 இல் எழுதிய கட்டுரைத் தலைப்பொன்றில் இப்பெயரை எடுத்தாண்டு அதன் வரலாற்றை விளக்கியுள்ளார். தேசத்தின் பாலங்களையும் கட்டடங்களையும் வீட்டுத் தளபாடங்களையும் ஆக்கிய கைகளுக்கு வம்சாவளி எழுத எவரும் முன்வரவில்லை. வம்சாவளி எழுதியோரின் முன்னோருள்ளும் சாதாரணச் சிப்பாய்களும் கைவினைஞரும் நிறைந்திருந்தனர் என்பது வேறு விடயம். மூன்று தலைமுறை எழுத்தர் உத்தியோகம் அவற்றை மறக்கச் செய்திருந்தது. வாவிக்கரையில் இரண்டாவது பொருளிலான பட்டப்பெயர் எழுத்தில் ஏறிய மிகச் சிலவற்றுள் இதுவொன்று. அதுவும் ஏளனம் செய்தோரின் ஏட்டிலேயே.

1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எல்லாருக்கும் தெரிந்தது. இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்குவதற்காக வகுக்கப்பட்ட இவ்விதி, மூதாதையரைத் தேடுதல் ஒரு வர்க்கத்துக்கு எதிரான படைக்கலமாக எவ்வாறு மாறும் என்பதற்கு உலகறிந்த உதாரணம். அதன் நிழல் பிறப்புச் சாட்சிப்பத்திரத்திலும் விழுந்தது. பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். பூட்டனார் பற்றியும் அவ்வாறே என்ற கூடுகள் பல தசாப்தங்களாக அப்படிவத்தில் இருந்தன. 1867 இற் பிறப்பு இறப்புப் பதிவைச் சட்டம் கட்டாயமாக்கியதிலிருந்து எழுதப்பட்ட ஏடுகளிலும் தாயின் பெயருக்கு ஒரு கூடு உண்டு. தாயின் தாய்க்கு எதுவும் இல்லை. மட்டக்களப்பான் ஒருவன் தன் குடியை எவரிடமிருந்து பெற்றானோ அவளை அரசாங்க ஏடு அறியாது. தாய் வழியாகவும் பிரசாவுரிமை பெறலாம் என்ற திருத்தம் 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தாலேயே வந்தது.

அங்ஙனமாயின் எங்கே தேடுவது? பிறப்புப் பதிவைப் பற்றிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவோர் விரைவில் வழிதவறுவர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். ஒருவரே வாழ்நாளிற் பல பெயர் கொள்ளுதலும் உண்டு. 1892 இற் காரைதீவிற் பிறந்தவரின் பதிவைத் தேடுவோர் மயில்வாகனம் என்ற பெயரைக் காண்பரேயன்றி, உலகறிந்த விபுலானந்தரைக் காணமாட்டார். அவருக்காயினும் வரலாறு எழுதப்பட்டிருக்கின்றது. ஒரு முல்லைக்காரனின் இரண்டு பெயர்களை இணைத்துக் காட்டுவதற்கு அவ்வூர்க் கிழவி ஒருத்தியின் நினைவைத் தவிர வேறு சான்று இல்லை. பதிவேட்டுப் பெயர் பலருக்குப் பொதுவாயிருக்க, ஏளனப் பட்டப்பெயர் ஒருவருக்கே உரியதாயிருத்தலால், ஆளை அடையாளங் காண்பதற்கு இரண்டாவதே உறுதியான சான்று. ஆய்வாளர் ஊருக்குட் சென்றதும் முதலிற் கேட்டு எழுதவேண்டியது இதனையே. ஆயின் மரியாதையின் பொருட்டு ஊரார் இதனைக் கடைசியிலேயே சொல்வர்.

எழுத்துச் சான்றைப் பொறுத்தவரை, எமது அனுபவத்திற் சீதன உறுதிக்கு இணையான வேறொன்று இல்லை. ஒரு வளவின் உறுதிகளைப் பின்னோக்கி அடுக்கிச் சென்றால், மகளுக்குத் தாய், அத்தாய்க்கு அவள் தாய் எனச் சொத்து வந்த வழி தெரியும். அரசாங்கப் பதிவேடு கேட்க மறந்த கேள்விக்கு நொத்தாரிசின் ஏடு தன்னையறியாமலே விடை தந்து விடுகின்றது. உறுதியில் ‘என்று வழங்கப்படும்’ என்ற தொடரைத் தொடர்ந்து வரும் மாற்றுப்பெயர்களையும் விடாது குறித்துக்கொள்ள வேண்டும். கையெழுத்திடத் தெரியாது பெருவிரல் பதித்தோரின் இடத்தில் அவை மிகுதியாகக் காணப்படும். இன்னொன்று: காணியில்லாதோர் உறுதியில் வராமற் போவதில்லை. அவர்கள் எல்லையில் வருவர். வடக்கெல்லை இன்னார் இருக்கும் வளவு, தெற்கெல்லை வாய்க்கால், கிழக்கெல்லை வாவி என்று எழுதும்போது, அந்த ‘இன்னார்’ பெரும்பாலும் ஊர் வழங்கிய பெயராலேயே குறிக்கப்படுவார். காணியை அடையாளங்காட்டுவதற்கு ஊரறிந்த பெயரே வேண்டும் என்பதனால் நொத்தாரிசு அவரிடம் அசல் பெயர் கேட்பதில்லை. உரிமையாளரைப் பற்றிய பத்தியை விட்டு எல்லை கூறும் பத்தியைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஒரு கிராமத்தின் உழைக்கும் குடும்பங்கள் பலவற்றை ஒரு நூற்றாண்டு அளவிற்குப் பின்தொடர இயலும். வயல்வட்டைகளின் பெயர்களும் இவ்வாறே. காட்டை வெட்டியவன் பெயரோ அங்கே உயிர்விட்டவன் பெயரோ கண்டத்தின் பெயராய் நின்று, போடியாரின் உறுதியிற் காணியின் பெயராக மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருக்கும்.

இவ்வாறு திரட்டியவற்றை அச்சேற்றலாமா என்ற வினா எம்மை நெடுநாள் வருத்தியுள்ளது. ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் பல, குடிமைத் தொழிலோடு ஒட்டியிருந்த பெயர்களைத் திட்டமிட்டே கைவிட்டன. பாடசாலையிற் சேர்த்தபோது பிள்ளைக்குப் புதுப்பெயர் இட்டன, ஊர் மாறின, சிலர் மதமும் மாறினர். அவர்களுடைய மறதி அறியாமையன்று, ஒரு போராட்டம். விஞ்ஞானத்தின் பெயரால் அப்பெயர்களை மீட்டு, குடும்பப் பெயரோடு சேர்த்து அச்சிடுபவன் அவர்கள் தட்டி உதறியதைத் திரும்பவும் அவர்கள் தோளில் ஏற்றியவனாகின்றான். திருமணத் தரகருக்கும் தேர்தல் தரகருக்கும் அத்தகைய நூல் மிக உதவும் என்பதையும் மறத்தலாகாது. ஆகவே, போடி, வன்னிமை, உடையார் என்ற பட்டங்களை அவற்றைத் தாங்கிய குடும்பங்களோடும் ஆண்டுகளோடும் வெளியிடுவதில் எமக்குத் தயக்கமில்லை. அவை தம்மைத் தாமே எழுதிக்கொண்டவை. மற்றைய பெயர்களைத் தொழில், காலம், ஊர்ப்பகுதி என்பவற்றால் மாத்திரம் வகைப்படுத்தி, குடும்பத் தொடர்பை அக்குடும்பத்தாரிடமே விட்டுவிடுகின்றோம். சிலர் தாமாகவே வந்து கேட்டதுண்டு. எல்லைப் பத்தியில் ஓர் ஏளனப் பெயராக மாத்திரம் நின்ற தம் பாட்டியின் தந்தையைக் கண்டு, அவ்வுறுதியின் படியொன்றை மடித்து எடுத்துச் சென்றவர்களும் உளர்.